மருத்துவர்க்கு ஆராய்ச்சிப் பயிற்சி
ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு பாடம்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் பெருந்தெரு பெரகலச் சந்தியிலே இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை ஊர்களைத் தொட்டுப் பதுளைப் பக்கஞ் செல்லும். மற்றது கொஸ்லந்தையைக் கடந்து வெல்லவாயாப் பக்கம் இறங்கும். மருத்துவப் பட்டம் பெற்று, முதல் நியமனக் கடிதத்தோடு இச்சந்தியின் மூடுபனியில் வந்திறங்கிய பழைய மாணவர் நம்முள் உளர். உடற்கூறும் மருந்துநூலும் அவர்கள் நெஞ்சிலே நிறைந்திருந்தன. ஆயின், கண்முன் நிற்கும் நோயாளரிடமிருந்தே ஒரு வினாவை எழுப்பி, அதற்கு நேர்மையான விடையைத் தேடிக்கொள்ளும் முறை அவர்களுக்குச் செவ்வையாகக் கற்பிக்கப்படவில்லை. அம்முறையைப் பற்றியே, மருத்துவராகப் போகும் மாணாக்கரையும் மருத்துவரான பழைய மாணவரையும் ஒருங்கே நோக்கி, இம்மலரிலே சிறிது பேச விரும்புகின்றோம்.

தேயிலைத் தோட்டத்தைப் போல எண்ணும் நிறையும் ஆட்சி செய்யும் இடம் நாட்டிலே வேறொன்றைக் காண்டல் அரிது. விடியற்காலையிற் பிரட்டுக்களத்திலே ஆள் எண்ணப்படும். பறித்த கொழுந்து மடுவத்துத் தராசிலே நிறுக்கப்படும்; மழைநாளில் நனைந்த கொழுந்துக்கு நீரின் நிறை கழிக்கப்படும். முழுப்பேரா, அரைப்பேரா என்பது செக்ரோலிலே பதியப்படும். இத்துணை நுட்பமாக எண்ணப்படும் பெண்ணொருத்தியின் குருதியிலே இரும்புச்சத்து எவ்வளவு, அவள் விழுங்கிய மாத்திரைகள் எத்தனை, அவற்றால் விளைந்த பயன் யாது என்று வினவினால், விடை கூறுங் கணக்கு எளிதிற் கிட்டாது. கர்ப்பிணிகள் கிளினிக்கிலே அட்டை உண்டு. (மலைநாட்டிலே அட்டை என்றவுடன் காலைக் கடிப்பதே நினைவுக்கு வரும், நாம் சொல்வது காகித அட்டையை.) அவ்வட்டையிலே பதிவும் உண்டு. ஆனாற் பதிவு வேறு, விடை வேறு. பதிவை விடையாக மாற்றுந் திறனே நாம் ஈண்டுக் கூறும் ஆராய்ச்சிப் பயிற்சி.

‘ஆராய்ச்சி பேராசிரியர் தொழிலன்றோ? வரிசையிலே நூறு பேர் நிற்க, நமக்கு ஆராய்ச்சிக்கு நேரம் ஏது?’ என்று கேட்பாரும் உளர். அக்கேள்வியிலே நியாயமும் உண்டு. ஆயினும் ஒன்று சொல்வோம். ஒரு மருந்தைக் கொடுத்து, குணமானால் மருந்தின் வெற்றி என்றும், ஆகாவிட்டால் நோயின் கொடுமை என்றும் கொள்ளும் மருத்துவர், தாம் அறியாமலே நாடோறும் பரிசோதனை நடத்துகின்றார். கணக்கு வையாத பரிசோதனை அது. தாமாகத் தீரும் நோய்கள் பல. மருந்தாலே தீர்ந்ததா, மருந்தையும் மீறித் தீர்ந்ததா என்பதை ஒரு நோயாளியைப் பார்த்து எவராலும் உரைக்க இயலாது. ஒப்பிட வேண்டும். ஒப்பிடுவதும் நேர்மையாய் இருத்தல் வேண்டும்.

நேர்மையான ஒப்பீடு யாதென்பதற்குத் தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் சோற்றுப்பானையோடு தொடர்புடைய வரலாறு ஒன்று உண்டு. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலே மலாயாவிற் பெரிபெரி என்னும் நோய் மிகுந்திருந்தது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயந் தளர்ந்து மக்கள் இறந்தனர். ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளரை அது வாட்டியது. அதே நாட்டில் உழைத்த தமிழ்த் தொழிலாளரோ பெரும்பாலும் தப்பினர். தமிழர் உண்டது புழுங்கலரிசி. இவ்வேறுபாட்டை பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர் எடுத்துக்காட்டினார். ஆயினும் இது நிரூபணம் ஆகுமா? தமிழருக்கும் சீனருக்கும் அரிசி மட்டுமா வேறு? இருப்பிடம், தொழில், பிற உணவு யாவும் வேறல்லவா?

கோலாலம்பூரிலே மனநோயாளர் விடுதியிற் பணிபுரிந்த வில்லியம் பிளெச்சர் என்னும் மருத்துவர் 1905 டிசம்பர் தொடங்கி 1906 முடிவுவரை இவ்வினாவைச் சோதித்தார். நோயாளரை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றையெண் பெற்றோர் ஒரு பக்கம், இரட்டையெண் பெற்றோர் மறுபக்கம். ஒரு சாராருக்கு வெள்ளையரிசி, மறுசாராருக்குப் புழுங்கலரிசி. மற்றவை எல்லாம் ஒன்றே. இவ்வாறு ஒவ்வொரு சாரிலும் ஏறத்தாழ 120 பேர் அமைந்தனர். நோய்க்குக் காரணம் அரிசியன்றி அவர்கள் தங்கிய கட்டடமாகவும் இருக்கலாமே என்ற ஐயம் எழவே, இடையிலே இரு சாராரையும் இடம் மாற்றியும் வைத்தார். ஆண்டு முடிவிலே வெள்ளையரிசி உண்டோருட் பலருக்கு நோய் கண்டு 18 பேர் இறந்திருந்தனர். புழுங்கலரிசி உண்டோருள் நோயுடையார் இருவரே. அவ்விருவரும் நோயோடு விடுதிக்கு வந்தவர்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து மணியினுட் புகுந்து நிலைக்கின்றது என்ற காரணம் பின்னரே தெளிவாயிற்று. நம் பாட்டிமார் நெல்லவித்த அடுப்பிலே அவ்விடை நெடுங்காலமாகக் கிடந்தது. அதை விடை என்று அறியச் செய்தது ஒற்றை இரட்டை எண்ணிக்கை.

மாணாக்கர் இவ்வரலாற்றிலே இரண்டு பாடங்களைக் காணல் வேண்டும். முதலாவது, ஆட்களைப் பிரித்த விதம். யாருக்கு எவ்வரிசி என்பதை மருத்துவரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை, எண் தீர்மானித்தது. மெலிந்தவரை ஒரு பக்கமும் வலியவரை ஒரு பக்கமும் சேர்த்துவிடும் மனச்சாய்வுக்கு அங்கே இடம் குறைவு. இன்று ஒற்றை இரட்டை முறையும் போதாதென்று, அடுத்தவர் எச்சாரிற் சேர்வார் என்பதை எவரும் முன்னறிய இயலாதபடி சீட்டுக் குலுக்குவதை ஒத்த முறையாற் பிரிக்கின்றனர். இரண்டாவது பாடம் மனத்தை உறுத்துவது. அவ்விடுதியோரிடம் எவரேனும் சம்மதங் கேட்டனரா? இல்லை. சிறைப்பட்டோர், சித்தங் கலங்கியோர், கூலிக்காரர் ஆகியோரே அக்காலத்து ஆராய்ச்சிக்கு எளிதாகக் கிடைத்தவர்கள். மறுக்கும் ஆற்றல் அற்றவர்கள் என்பதனாலேயே கிடைத்தவர்கள்.

இலங்கைத் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவின் ரொக்பெல்லர் அறநிலையத்தின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் 1916 ஆம் ஆண்டிலே மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் தொடங்கியது. ஏன் தோட்டங்கள்? தொழிலாளர் ஓரிடத்திலே வாழ்ந்தனர். பெயர்ப்பட்டியல் ஆயத்தமாக இருந்தது. துரையின் கட்டளை செல்லுபடியாயிற்று. மருந்து கொடுத்தனர்; புழு வெளியேறியது. ஆனால் மலசலகூடம் அமையாத லயத்திலே வெறுங்காலோடு நடப்போர்க்குப் புழு மீண்டும் வந்தது. மருந்தின் பயனை அளக்கும்போது மண்ணையும் அளக்கவேண்டும் என்ற அறிவு அப்போதே கிடைத்திருந்தும் அதனைச் செயற்படுத்தப் பல ஆண்டுகள் சென்றன.

அதே புழுவைப் பற்றிய பிற்கால ஆராய்ச்சியையே இப்பாடத்தின் நடுவில் வைக்க விரும்புகின்றோம். ஏனெனில் அதனைச் செய்தவர்கள் இந்நாட்டு மருத்துவர்களும் விஞ்ஞானிகளும். கொக்கிப்புழு குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சுகின்றது. கர்ப்பிணிக்கு இயல்பாகவே இரும்புச்சத்து மிகுதியாக வேண்டும். இரண்டுஞ் சேர்ந்தால் இரத்தச்சோகை கடுமையாகும். அத்துக்கோரளவும் அவரோடு சேர்ந்தோரும் தோட்டப்புறக் கர்ப்பிணிகளிடை நடத்தி 1994 இல் வெளியிட்ட ஆய்விலே, இரும்பு, போலிக்கமில மாத்திரையோடு புழுமருந்தும் பெற்றவர்களின் நிலை மேலும் உயர்ந்ததைக் காட்டினர். எனின், கர்ப்பிணிக்கெல்லாம் புழுமருந்து கொடுத்துவிடலாமே? இங்கே ஓர் அச்சம் குறுக்கிட்டது. மெபெண்டசோல் என்னும் அம்மருந்து கருவிலுள்ள சிசுவுக்கு ஊறு செய்யுமோ என்பதே அவ்வச்சம். மருந்துப் பெட்டியிலே எச்சரிக்கை, வயிற்றிலே புழு, நடுவிலே தாய்.

களனிப் பல்கலைக்கழகத்தின் நிலாந்தி டி சில்வாவும் உடனாய்வாளரும் இவ்வினாவை எடுத்துக்கொண்டனர். அவர்தம் கட்டுரை 1999 இல் ‘லான்செட்’ என்னும் உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியாயிற்று. இலங்கையிலே கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்கள் கழிந்தபின் மெபெண்டசோல் கொடுக்கலாம் என்ற விதி ஏற்கனவே நடைமுறையில் இருந்தது. ஆகவே பிள்ளைபெற்ற தாய்மாரிடையே அம்மருந்தை உண்டாரும் உண்ணாதாரும் இருந்தனர். உண்டவர் 5,275 பேர். உண்ணாதவர் 1,737 பேர். பெரிய பிறவிக்குறை கண்ட குழந்தைகள் முதற்சாரில் நூற்றுக்கு 1.8, இரண்டாஞ்சாரில் 1.5. இச்சிறு வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது என்று கணக்குக் கூறிற்று. இறந்து பிறந்தனவும் பிறந்த சில நாளில் இறந்தனவும் சேர்ந்து உண்டவரிடை நூற்றுக்கு 1.9, உண்ணாதவரிடை 3.3. ஒன்றரைக் கிலோவுக்கு மேற்படாத நிறையோடு பிறந்த குழந்தைகள் 1.1 உம் 2.3 உம். விதியை மீறி முதல் மூன்று மாதங்களிலேயே மருந்தை உண்டுவிட்டவர் 407 பேர். அவர்களைத் தனியே பிரித்தும் பார்த்தனர். அவர்தம் குழந்தைகளுட் பிறவிக்குறை நூற்றுக்கு 2.5. கணக்கின்படி இதுவும் உறுதியான வேறுபாடன்று. எனினும் தொகை சிறிதாகையால் அம்மாதங்களில் மருந்தைத் தவிர்த்தலே நன்று என்ற எச்சரிக்கை நீங்கவில்லை.

இவ்வெண்களைக் கண்டவுடன் ‘புழுமருந்து குழந்தைகளின் உயிரைக் காத்தது’ என்று எழுதிவிடும் மாணாக்கருக்கு நாம் முழுப் புள்ளி வழங்கமாட்டோம். ஏன்? இங்கே யார் மருந்துண்பது என்பதைச் சீட்டுத் தீர்மானிக்கவில்லை. கிளினிக்குக்கு ஒழுங்காகச் சென்ற தாய் மருந்தையும் பெற்றிருப்பாள். இரும்பு மாத்திரையும் பெற்றிருப்பாள். இரத்த அழுத்தமும் பார்த்திருப்பாள். மலைச்சரிவிலே நான்கு மைல் நடக்க இயலாமலோ, அன்றைய பேரை இழக்க மனமில்லாமலோ போகாதிருந்தவள் இவை யாவற்றையுமே இழந்திருப்பாள். நன்மை மருந்தினுடையதா, கிளினிக்கினுடையதா? ஆய்வாளர் இத்தகைய காரணிகளைக் கணக்கினாற் சமன்செய்ய முயல்வர்; ஆனால் எண்ணாத காரணியைச் சமன்செய்தல் எவர்க்கும் இயலாது. ஆயினும், மருந்தாற் பெருந்தீங்கு நேர்ந்திலது என்னும் முடிவு உறுதியானது. அச்சத்தினால் மருந்தை மறுக்கவேண்டியதில்லை என்று மருத்துவர்க்குத் துணிவு தந்தது. நன்மை பற்றிய முடிவு நம்பிக்கை தருவது; நிரூபணம் அன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தி உரைக்கத் தெரிந்தவரே பயிற்சி பெற்றவர்.

சீட்டுப் போட்டுப் பிரித்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததா எனின், அதுவும் இல்லை. மஞ்சளலரி நஞ்சுற்று ஆஸ்பத்திரி சேர்ந்தோர்க்குக் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உயிர் பிழைப்பரா என்று அனுராதபுரத்திலே சோதித்தனர். 2003 இல் வெளிவந்த அவ்வாய்விலே கரித்தூளைத் திரும்பத் திரும்பப் பெற்ற 201 பேருள் 5 பேரும், அவ்வாறு பெறாத 200 பேருள் 16 பேரும் இறந்தனர். மருத்துவ உலகம் மகிழ்ந்தது. பின்னர் அனுராதபுரம், பொலன்னறுவை, குருணாகல் ஆஸ்பத்திரிகளிலே பல்வகை நஞ்சுற்ற 4,632 பேரைச் சேர்த்து நடத்திய பேராய்வு 2008 இல் வெளியாயிற்று. கரித்தூள் பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் இறப்பிலே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. இரண்டும் இலங்கையில் நடந்தவை. இரண்டும் ஒழுங்காக நடந்தவை. மருந்தளவு, கொடுத்த முறை, நோயாளர் வகை ஆகியவற்றின் வேறுபாடுகளைச் சுட்டி அறிஞர் வாதிட்டனர். சிறு தொகையிலிருந்து கிடைக்கும் பெருவெற்றியைச் சற்று ஐயத்தோடு நோக்கவேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் நமக்கு வேண்டியதில்லை.

இனி, இத்திறன் எங்கே கற்பிக்கப்படுகின்றது என்பதைச் சுருக்கமாகச் சொல்வோம். ஒரு காலத்திலே மேற்படிப்பு என்றால் இங்கிலாந்துக்குக் கப்பலேறுவதே. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 1980 இல் அமைந்தபின் நிபுணர் பயிற்சி பெரும்பாலும் இந்நாட்டிலேயே நடைபெறுகின்றது. அங்கே பயிலும் மருத்துவர் பல துறைகளிலும் ஓர் ஆய்வைத் தாமே திட்டமிட்டு, அறநெறிக் குழுவின் அனுமதி பெற்று, நடத்தி எழுதிமுடித்தல் வேண்டும். மருந்துச் சோதனைகளைத் தொடங்குமுன்பே பதிந்துவைக்கும் பதிவகம் ஒன்றை இலங்கை மருத்துவச் சங்கம் 2006 இல் நிறுவியது. முன்கூட்டிப் பதிவதன் கருத்து, வில்லை எய்தபின் அம்பு தைத்த இடத்தைச் சுற்றி இலக்கு வரைவதைத் தடுத்தலே.

நன்று. ஆனால் நமக்கு ஒரு குறை தோன்றுகின்றது. ஆய்வு நிபுணராகப் போகும் சிலருக்கு மட்டும் உரிய தேர்வுக் கடனாய்ச் சுருங்கிவிடுகின்றது. கட்டுரை கட்டப்பட்டு, தங்க எழுத்துப் பொறிக்கப்பட்டு, நூலகத் தட்டிலே துயில்கின்றது. தோட்டத்து ஆஸ்பத்திரியிலே இருபதாண்டு கழித்த உதவி வைத்தியர், லயம் லயமாக ஏறி இறங்கும் மருத்துவிச்சி, வார்டுத் தாதி ஆகியோர் கண்டவை எவர் ஏட்டிலும் ஏறுவதில்லை. காணும் வாய்ப்பு மிகுந்தவர்க்குப் பயிற்சி குறைவு. பயிற்சி மிகுந்தவர்க்குக் காணும் வாய்ப்புக் குறைவு. இலங்கை ஆஸ்பத்திரிகளிலே, கடிபட்டோர் அடித்துக் கொண்டுவந்த பாம்புகளை வீசியெறியாமல் சேர்த்து ஆராய்ந்தபோது, 860 பாம்புகளில் 302 கோப்பி விரியன் இனத்தவை என்பது 2008 இல் வெளியாயிற்று. பொருட்படுத்தத்தகாத சிறு பாம்பென்று பலர் எண்ணியிருந்த அது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து உயிரையும் பறிக்கவல்லது என்பதும், இந்தியாவிலிருந்து வரும் நஞ்சுமுறி அதற்குப் பயனில்லை என்பதும் அவ்வாய்வாலே வலியுறுத்தப்பட்டன. செத்த பாம்பைப் போத்தலிலே இட்டுப் பெயரெழுதி வைத்த கைகள் வேண்டாமா அதற்கு?

எல்லா நிலையினரும் கூடி ஆய்வு நடத்தியதற்குச் சென்னை ஒரு முன்மாதிரி. 1956 இல் அங்கே தொடங்கப்பெற்ற காசநோய் மருந்தாய்வு நிலையம், நோயாளரைச் சானடோரியத்திலே வைத்து மருந்து கொடுத்தல் நன்றா, நெருக்கமான குடிசை வீட்டிலேயே கொடுத்தல் போதுமா என்று சீட்டு முறையாற் பிரித்துச் சோதித்தது. வீட்டிலிருந்தோர் மருந்தை உண்மையில் உண்டனரா என்பதைத் தாதியரும் பிறரும் முன்னறிவிப்பின்றி வீடு சென்று பார்த்தனர், மருந்தை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். 1959 இல் முடிவு வெளியாயிற்று: வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்குப் பெரிதுந் தாழ்ந்ததன்று, வீட்டாருக்கும் அதனால் மிகுதியான தொற்று ஏற்படவில்லை. உலகமெங்குஞ் சானடோரியங்கள் மூடப்படுதற்கு அது ஒரு காரணமாயிற்று. வாசலிற் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்று மாத்திரை எண்ணியவர் இல்லையேல் அம்முடிவு இல்லை.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களைத் தமிழாக்கி அச்சேற்றினார். கலைச்சொல் ஆக்கிய அப்பெருமுயற்சியை நாம் போற்றுகின்றோம். ஆனால் ஆய்வாளருக்கு வேண்டியது கலைச்சொல் மட்டுமன்று. லயத்துச் சொல்லும் வேண்டும். யாழ்ப்பாணத்து இளம் மருத்துவர் ‘வயிற்றோட்டம் உண்டா?’ என வினவ, தோட்டத்துப் பெண் விழிப்பாள், ‘வயித்தால போகுதா?’ என்றால் உடனே விடை வரும். ‘மாசமா இருக்கிறப்போ பூச்சி மருந்து எடுத்தீங்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். வயிற்றுப் பூச்சிக்கு உண்ணும் மாத்திரையை ஒருத்தி நினைப்பாள். செடிக்குத் தெளிக்கும் நஞ்சை மற்றொருத்தி நினைத்து, ‘ஐயோ, இல்லீங்க ஐயா’ என்பாள். இருவர் விடையும் ஒரே கட்டத்திலே பதியப்பட்டு, ஒரே எண்ணாகக் கூட்டப்பட்டு, நூற்றுவீதமாக அச்சேறும். கணக்கிலே பிழை இராது. கணக்கே பிழையாக இருக்கும்.

இதுவரை கூறியவற்றை ஒரு பயிற்சிக் கணக்காக இட்டுப் பார்ப்போம். பெரகலவுக்கும் அப்புத்தளைக்கும் இடைப்பட்ட தோட்டங்களிலே கிளினிக்கு நடத்தும் மருத்துவர் ஒருவர் எனக் கொள்க. இரும்பு மாத்திரை கொடுத்தும் கர்ப்பிணிகளின் சோகை தீரவில்லை என்று அவர் காண்கின்றார். மருத்துவிச்சி ஒன்று சொல்கின்றார்: பெண்கள் மாத்திரையைச் சாயத்தண்ணியோடு விழுங்குகின்றனர். தேயிலைச் சாயத்திலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவொட்டாமல் தடுக்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை. தேயிலை பறிப்பவளுக்குத் தேயிலையே குறுக்கே நிற்கின்றதா? இது நல்ல வினா, சிறிய வினா, விடை காணக்கூடிய வினா.

‘சோகையை ஆராய்தல்’ என்று எழுதினால் அது வினா ஆகாது. இன்னாரிடம், இன்னது செய்தால், இன்னது செய்யாதாரோடு ஒப்பிட, இத்தனை வாரத்தில், இன்ன அளவு மாறுமா என்று எழுதல் வேண்டும். நான்காம் மாதம் கடந்த கர்ப்பிணிகள், மாத்திரையைத் தேநீருக்கு நன்கு முன்போ பின்போ வெந்நீரோடு உண்ணும்படி மருத்துவிச்சி வீட்டிலே சென்று விளக்குதல், வழக்கமான அறிவுரை மட்டும் பெறுவோரோடு ஒப்பீடு, பன்னிரண்டு வாரம், குருதியின் ஈமோகுளோபின் அளவு. இருசாராருக்கும் இரும்பு மாத்திரை உண்டு. எவர்க்கும் மறுக்கப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்க. ஒரே லயத்திலே ஒருத்திக்கு விளக்கி மற்றொருத்திக்கு விளக்காதிருத்தல் நடவாது; குழாயடியிலே செய்தி பரவிவிடும். ஆகவே ஆளுக்கு ஆள் அன்றித் தோட்டப் பிரிவுக்குப் பிரிவு சீட்டுப் போடல் வேண்டும். அவ்வாறு செய்யின் மிகுதியான பெண்களைச் சேர்த்தல் வேண்டும் என்பதைப் புள்ளியியலார் கூறுவர். அவரை முடிவிலே அன்று, தொடக்கத்திலேயே நாடுக.

அளவையிலும் ஒரு வலை உண்டு. உயரம் ஏற ஏறக் காற்றில் உயிர்வளி குறைவதால் உடல் ஈமோகுளோபினை இயல்பாகவே சிறிது கூட்டிக்கொள்ளும். கர்ப்பிணிக்கு நூறு மில்லிலீற்றரில் 11 கிராம் என்ற பழகிய எல்லை கடல்மட்டத்துக்கு உரியது. ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்து அப்புத்தளையிலே அவ்வெல்லையைத் திருத்தாமற் கையாண்டால், சோகையுடைய சிலரைச் சோகையில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். கொழும்பு நூலிலுள்ள எண் பெரகல ஏற்றத்திலே மாறுகின்றது!

சம்மதம் எங்கே, எவராற் கேட்கப்படுகின்றது என்பதே யாவற்றினுங் கடினமானது. எளிய வழி ஒன்று உண்டு. துரையிடம் ஒரு வார்த்தை சொன்னாற் போதும். கணக்கப்பிள்ளை பிரட்டுக்களத்திலே பெயர் வாசிப்பார். பெண்கள் வரிசையாக வந்து கைநாட்டு இடுவர். ஒரு மணி நேரத்தில் நூறு சம்மதம். அவற்றுள் ஒன்றேனும் சம்மதம் ஆகாது. பேர் போடுகின்றவர் முன்னிலையிலே ‘மாட்டேன்’ என்று எவள் சொல்வாள்? 1964 இல் உலக மருத்துவச் சங்கம் எல்சிங்கியிலே வெளியிட்ட பிரகடனமும் அதன் பின்வந்த திருத்தங்களும் கூறும் விருப்பச் சம்மதம் இதுவன்று. 2024 இல் திருத்தியபோது, ஆய்வுக்கு உட்படுத்தப்படுவோர் என்னும் பொருள்தருஞ் சொல்லை நீக்கிப் பங்குபற்றுவோர் என்னுஞ் சொல்லை அப்பிரகடனத்திலே இட்டனர். சொல் மாறியதுபோலப் பிரட்டுக்களமும் மாறல் வேண்டும். துரையின் அனுமதி தோட்டத்துக்குள் நுழைவதற்கு. பெண்ணின் சம்மதம் அவள் குருதியைத் தொடுவதற்கு. இரண்டையும் வெவ்வேறு நாளிலே, வெவ்வேறு இடத்திலே பெறுக. கிளினிக்கிலோ அவள் காம்பராவிலோ, அவள் பேசுந் தமிழிலே, மறுத்தாலும் மாத்திரையும் மருத்துவமும் குறையா என்று சொல்லி, வீட்டாரோடு பேசிவர ஓரிரு நாள் விட்டுக் கேட்டல் முறை. சிலர் மறுப்பர். ஒருவரும் மறுக்காத ஆய்வைக் கண்டால் நமக்கு ஐயமே மிகும்.

பன்னிரண்டு வாரம் கழிந்து, இரத்தம் அளந்து, கணக்கும் முடிந்தபின் கட்டுரை இதழுக்குச் செல்லும். அதற்குமுன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. பயிற்சி வகுப்புகளில் அதற்கு உரிய நேரம் ஒதுக்கப்படுவதாகத் தோன்றவில்லை. மருத்துவரும் மருத்துவிச்சியும் மீண்டும் அத்தோட்டப் பிரிவுகளுக்குச் செல்லல் வேண்டும். பயன் கண்டதாயின் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட பிரிவுகளுக்கும் அவ்விளக்கத்தை முதலிற் கொடுத்தல் கடன். பயன் காணவில்லையாயின் அதையும் ஒளியாது சொல்லல் வேண்டும். பிள்ளைமடுவத்து வாசலிலே, மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் பிள்ளைகளைத் தூக்க வரும் வேளையே அதற்கு ஏற்றது. அவர்கள் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்: ‘அப்ப, சாயத்தண்ணி எப்பங்க குடிக்கலாம்?’